மாதிரி

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
பழுது தேடுவது.
மூவாயிரம் சில்லு ஒரு தொகுதி.
எண்பதை எடு, ஊசியின் கீழே வை.
எண்பதும் பச்சை எரிந்தால்
மூவாயிரத்தையும் பெட்டியில் அடைத்து
பக்கத்து விமான நிலையத்துக்கு அனுப்பு.
ஒன்று சிவப்பு எரிந்தால்
மொத்தமும் திரும்பும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
சொன்னவர் யாரோ, நல்ல பசியில் இருந்திருக்கிறார்.
பானையைக் கிளறினீர்களா என்று நான் கேட்பேன்.
அடிப்பிடித்ததை
மேலே கிடக்கும் சோறு சொல்லாது.
பதினோரு வருடம் இப்படிக் கேட்டுக் கேட்டே
விடிந்ததும் தொழிற்சாலைப் பேருந்தில்
பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் திரும்புகிறேன்.
உன்னோடு சினிமாவுக்குப் போக முடியாது என்பாள் குணவதி.

இப்படிப்பட்டவள்
வீட்டில் வைத்திருந்த விதி இது:
பின்னிரவு மூன்று மணிக்குக் கைப்பேசி அடித்தால் சாவு.

முதலில் அப்பா, சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியிலிருந்து.
பிறகு அண்ணன், கூலிம் சாலை, மோட்டார்சைக்கிள்.
பிறகு சரோ. அதைப் பற்றி
இன்னும் எழுத வரவில்லை.
மூன்று.
வேலையிடத்தில் மூன்றை மட்டும் பார்த்து
ஒரு பெட்டியைக்கூட நான் மூட மாட்டேன்.
வீட்டில் மூன்று போதுமாயிருந்தது.
எதுவானாலும் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு என்று
அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்,
கூப்பிடாவிட்டால்
ஒருவரும் சாவதில்லை என்பது போல.

போன வெள்ளி, விடுப்பு. மணி 3.07.
தலையணைக்கு அடியில் அடித்தது.
யார் யார் என்று உடம்பு எண்ணிப் பார்த்தது:
அம்மா, குணவதி, ஜொகூரில் தம்பி.
எடுத்தேன்.
"ஆ செங்! கெம்போங் இருபது கிலோ இருக்கு, வேணுமா?"
மலாயில், பின்னால் படகு எஞ்சின் இரைய, ஒருவன்.
ஆ செங் இல்லை என்றேன்.
மாஃப், மாஃப் என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அழுதேன் என்று நினைக்காதீர்கள்.
முதலில் செய்தது விதியைக் காப்பாற்றியதுதான்.
தப்பான எண், எனக்கு வந்த அழைப்பல்ல,
கணக்கில் சேராது.
அப்புறம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக:
மீன்கள் செத்துத்தானே இருந்தன?
இருபது கிலோ சாவு.

இருட்டில் எனக்கே சிரிப்பு வந்தது.
சிரிக்கும்போது அந்தப் புதுப் பெண் நினைவுக்கு வந்தாள்,
சிவப்பு எரிந்த சில்லை
ஊசியில் அழுக்கு என்று ஓரம் தள்ளி
வேறொன்றை எண்பதாவதாக வைத்தவள்.
மேற்பார்வையாளர் நோரஸ்லீனா கத்தவில்லை.
அந்த வாரம் அவள் கை பட்ட பெட்டி எல்லாவற்றையும்
பிரிக்கச் சொன்னார்.

சரி, பிரிப்போம் என்று எழுந்து உட்கார்ந்தேன்.
பழைய செய்திகளை விரலால் தள்ளித் தள்ளிப் போக,
இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு படம்:
துணிச் சுற்றுக்குள் சிவந்து சுருங்கிய முகம்,
கீழே குணவதி,
எத்தனை தடவைதான் அடிப்பது, எடுக்க மாட்டாயா,
பெண் குழந்தை.
நேரம் 3.20.

அப்படியானால் அன்றும் அடித்திருக்கிறது.
பயந்து எடுக்காமல் இருந்திருக்கிறேன்.
பிறகு அதை மறந்தும் போயிருக்கிறேன்.
எடுக்காத அழைப்பை
எந்த ஊசியின் கீழே வைப்பது?
என் விதிக்கு எதிரான சாட்சி
இரண்டு வயதாகி
மடியில் ஏறி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிறது,
நான் பிடுங்க விட்டுக்கொண்டு
விதியை நம்பியிருக்கிறேன்.

தொகுதி நிராகரிக்கப்படுகிறது.
காரணம்: மீன், குழந்தை.
வேண்டுமானால் கையெழுத்தும் போடுகிறேன்.

நேற்று மறுபடி. 3.15.
விதி இல்லை என்று எனக்குத் தெரியும்.
நெஞ்சு அதே பழைய அடி அடித்தது,
அதற்கு இன்னும் சுற்றறிக்கை போகவில்லை போல.
நாலாவது மணியில் எடுத்தேன்.
அந்தப் பக்கம் யாரோ
பேசுவதற்கு மூச்சை இழுத்தார்கள்.